முகம் நொறுங்கிய பிக்கப் வண்டியைச் செப்பனிடுதல்

கெங்கவல்லி வட்டாரத்து அங்கத்தினர்களுக்குப் பிக்கப் வண்டியை நாம் அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. முன்னர் இரட்டை மாட்டு வண்டியும், அதன்பின் டிராக்டர் டிரெய்லரும் செய்துவந்த வேலையிற் பெரும்பகுதியை இன்று அதுவே செய்கிறது. சின்ன வெங்காயமும் காய்கறியும் விடியுமுன் தலைவாசல் சந்தைக்குப் போய்ச் சேர்வதும், குச்சிக்கிழங்கு ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குச் செல்வதும், நூல் சிப்பங்கள் நெசவாளர் சங்கத்திற்கு வந்து நெய்த சேலைகள் மூட்டையாகச் சேலத்திற்குத் திரும்புவதும் அதன் முதுகின் மீதுதான். டாட்டா நிறுவனத்தார் 2005-ஆம் ஆண்டில் ஏஸ் என்னும் சிறு வண்டியை வெளியிட்டார்கள். 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் ஓசூரிலிருந்து வெளிவந்தது. மகிந்திராவின் பொலேரோ பிக்கப் மேட்டுக் காட்டுப் பாதைகளிலும் ஏறி இறங்கப் பழகிவிட்டது. கடன் பெற்றாயினும் ஒரு வண்டி வாங்கிக்கொள்ளலாம் என்னும் துணிவு சிறு விவசாயிக்கும் உண்டாயிற்று.

வண்டிகள் பெருகப் பெருக மோதல்களும் பெருகின. மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துக்களில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துக்களின் எண்ணிக்கையிலோ 64,105 என்று தமிழ்நாடே அவ்வாண்டு முதலிடம் வகித்தது. நம் பகுதியாருக்குச் சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையின் வரலாறு தெரியும். அது நான்கு வழியாக அமைக்கப்பட்டபோது ஊர்களின் புறவழிகள் இரு வழியாகவே விடப்பட்டன. நான்கு வழியில் வேகம் பிடித்து வந்த வண்டி, எதிர்வண்டி வரும் ஒற்றைச் சாலைக்குள் திடீரென்று நுழைந்ததால் நேருக்கு நேர் மோதல்கள் பல நிகழ்ந்தன. கிராமச் சாலைகளில் வளைவும் சாலையோர மரமும் அதே வேலையைச் செய்கின்றன.

மோதலில் ஆள் பிழைத்துக்கொண்டார், வண்டியின் முகம் நொறுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தவணை நிற்காது, வெங்காயம் பட்டறையில் நெடுநாள் காத்திராது, நெசவாளர் சங்கத்திலோ தறிக்குப் பாவு தீர்ந்துகொண்டிருக்கும். எப்படியாவது பதினைந்து நாளில் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற அவசரம் உடைமையாளருக்கு இயல்பே. இந்த அவசரத்தில் செய்யப்படும் ஒரு பிழையைப் பற்றியே நாம் இங்கு எழுதப் புகுந்தோம். கண்ணுக்குத் தெரியும் பானட்டையும் மட்கார்டையும் விளக்கையும் மாற்றி, வர்ணம் பூசி, புது வண்டிபோல் வெளியே கொண்டுவந்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அடிச்சட்டத்தை ஒருவரும் அளப்பதில்லை.

நாம் ஆய்வுக்குச் சென்ற சங்கம் ஒன்றில் இத்தகைய வண்டி ஒன்றைக் கண்டோம். மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, அவற்றுள் குறைந்ததை நிர்வாகக் குழு தீர்மானத்தின் மூலம் ஏற்று, முறைப்படி பணம் கொடுத்திருந்தார்கள். கோப்பில் குற்றம் கூற ஒன்றுமில்லை. ஆனால் முன் சக்கரத்தின் புது டயர்கள் சில மாதங்களிலேயே ஒரு பக்கமாகத் தேய்ந்து நூல் தெரிய நின்றன. ஓட்டுநர் ஸ்டியரிங்கை எப்பொழுதும் சிறிது வலப்பக்கம் திருகிப் பிடித்தால்தான் வண்டி நேராகச் சென்றது. வேறொரு பட்டறையார் வந்து நூல் பிடித்துப் பார்த்தபோது, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையேயுள்ள தூரம் இடப்பக்கத்தில் ஏறக்குறைய ஒரு விரற்கடை குறைவாயிருந்தது. அந்த வண்டியில் நாள்தோறும் ஓட்டுநரும் சுமை இறக்குவோர் இருவரும் நெடுஞ்சாலையில் சென்று வந்துகொண்டிருந்தார்கள்.

மோதிய நாளில்

அடிபட்டோரைக் காப்பதே முதற்கடமை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 108 ஊர்தியை அழைப்பதோடு, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, பதிவு பெற்ற மருத்துவமனைகளில் அரசே ஏற்கிறது என்பதையும் அங்கத்தினர்கள் நினைவில் வைக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் (1988) 134-ஆவது பிரிவு, ஓட்டுநர் போலீஸாருக்கும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கும் செய்தி தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. விபத்துக்குள்ளான வண்டியை அதிகாரி பார்வையிடுவதற்கு 136-ஆவது பிரிவு இடம் தருகிறது. வண்டியை அசைக்குமுன் நாற்புறமும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பெரிய மோதலானால், நிகழ்ந்த இடத்திலேயே சர்வேயர் பார்வையிட வேண்டுமா என்று கம்பெனியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எஞ்சின் கிளம்புகிறதா என்று சாவியைத் திருகிப் பார்ப்பது நம்மவர் பலரிடம் உள்ள வழக்கம். அதை அறவே விடவேண்டும். ரேடியேட்டர் பின்னுக்குத் தள்ளப்பட்டு விசிறியின் இறக்கையில் சிக்கியிருக்கலாம். எண்ணெய்த் தொட்டி விரிசல் கண்டு எண்ணெய் ஒழுகியிருக்கலாம். நூறு ரூபாய்ப் பொருளோடு நின்றிருக்கும் நஷ்டம் ஒரு சுற்றில் எஞ்சினையே கொண்டுபோய்விடும். பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டி இழுத்துச் செல்ல வேண்டும். பின் சக்கரங்கள் நெடுந்தூரம் உருளுமானால் புரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றிவிடுவது கியர்ப் பெட்டிக்கு நல்லது.

அடிச்சட்டம்

நாம் கூறுவது பாடி வேறு, அடிச்சட்டம் வேறு என்று அமைந்த பிக்கப் வண்டிகளைப் பற்றி. பட்டறையில் சேசிஸ் என்று வழங்கும் இச்சட்டம் ஏணியைப் படுக்கவைத்தாற்போன்றது. இரு புறமும் இரண்டு நெடுஞ்சட்டங்கள். அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். எஞ்சின், முன்னச்சு, ஸ்டியரிங் பெட்டி, கேபின், சுமைப் பாடி யாவும் இதன்மேல் பூட்டப்பட்டவையே.

முன்னிருந்து வரும் அடி இச்சட்டத்தை ஐந்து விதமாகக் கெடுக்கும். முனை பக்கவாட்டில் வளையலாம். மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ தொய்யலாம். உள்நோக்கிச் சுருங்கி மடிப்பு விழலாம். ஒரு பக்கச் சட்டம் மட்டும் பின்னுக்குத் தள்ளப்பட்டு, நீள்சதுரமாயிருந்த வடிவம் கோணிச் சாய்ந்து போகலாம். ஒரு முனை உயர்ந்து மறுமுனை தாழ்ந்து முறுக்கேறவும் கூடும். ஒரே மோதலில் இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்து வருவதே பெரும்பான்மை. முன் மூலை ஒன்றில் மட்டும் மோதிய வண்டியில் கோணல் பெரும்பாலும் இருக்கும். மேலே புது பானட் பூட்டிவிட்டால் இவற்றில் ஒன்றும் வெளியே தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கும் முறை நெசவாளர்களுக்குப் புதியதன்று. தறி பூட்டும்போது நான்கு கால்களையும் நிறுத்தி, மூலைக்கு மூலை கயிறு பிடித்து இரண்டு அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கிறோமல்லவா? ஒத்திராவிட்டால் படைமரம் கோணிப் பாவின் ஒரு புறம் இறுகி மறுபுறம் தளர்ந்து, துணி கோணலாகவே இறங்கும். எத்தனை நல்ல நூலும் எத்தனை கைதேர்ந்த நெசவாளியும் அதைச் சரிசெய்ய இயலாது. வண்டியின் அடிச்சட்டத்திலும் செய்ய வேண்டியது அதே சோதனைதான்.

சமமான சிமென்ட் தரையில் வண்டியை முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். நெடுஞ்சட்டங்கள் இரண்டிலும் தொழிற்சாலையில் இட்ட துளைகளில், இடமும் வலமும் ஒன்றுக்கொன்று இணையாக உள்ளவற்றை, முன்னிருந்து பின்வரை நான்கைந்து ஜோடிகள் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு துளையின் நடுவிலிருந்தும் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் சாக்கட்டியால் புள்ளி வைக்க வேண்டும். பின்னர் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டால் அடிச்சட்டத்தின் உருவம் முழுதும் தரையில் கோலப்புள்ளிபோல் கிடக்கும். ஒவ்வொரு ஜோடியின் நடுப்புள்ளியையும் குறித்து, முதலிலிருந்து கடைசிவரை ஒரு நூலை இழுத்துக் கட்டினால், நடுப்புள்ளிகள் யாவும் அந்நூலின்மேல் விழவேண்டும். முன்புள்ளிகள் விலகி நின்றால் முனை பக்கவாட்டில் வளைந்துள்ளது. அடுத்து, ஒரு ஜோடியின் இடப்புள்ளியிலிருந்து அடுத்த ஜோடியின் வலப்புள்ளிக்கும், வலப்புள்ளியிலிருந்து இடப்புள்ளிக்கும் குறுக்கே அளந்தால் இரண்டும் சமமாயிருக்க வேண்டும். சமமில்லையேல் சட்டம் கோணியிருக்கிறது.

முறுக்கையும் தொய்வையும் தரைப்புள்ளிகள் காட்டமாட்டா. அதற்கு வண்டியைத் தள்ளுமுன்பே ஒவ்வொரு துளைக்கும் தரையிலிருந்து உள்ள உயரத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். முன்முனை எத்தனை சுருங்கியது என்பதை அறியத் தயாரிப்பாளரின் அளவுத்தாள் தேவை. இவ்வேலையில் 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வேறுபாட்டைப் பொதுவாகப் பொறுத்துக்கொள்வதில்லை; இறுதியான அளவு தயாரிப்பாளர் கையேட்டில் உள்ளதே. ஒளிக்கற்றை கொண்டு அளக்கும் இயந்திரங்கள் இன்று பெரிய பட்டறைகளில் உள்ளன. ஆயினும் ஒரு நூலும் தூக்குக் குண்டும் அரை நாளும் செலவிட்டால், அந்த இயந்திரம் இல்லாத இடத்திலும் உடைமையாளர் தம் வண்டியின் நிலையை அறிந்துகொள்ளலாம் என்பதே நாம் வற்புறுத்துவது.

அளந்தபின், விரிசல் தேட வேண்டும். குறுக்குச் சட்டம் நெடுஞ்சட்டத்தோடு சேரும் மூலைகளிலும், ஸ்டியரிங் பெட்டி பூட்டிய இடத்திலும், கமான் பட்டைகளின் கொண்டிகளிலும் இது தோன்றும். மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, நன்கு துடைத்து, சாக்குத் தூள் பூசினால், விரிசல் இருக்கும் இடத்தில் ஈரக்கோடு ஒன்று மெல்ல எழும். பழைய கொல்லுப்பட்டறை முறைதான், இன்றும் பொய்க்காது.

நிமிர்த்துவதா, மாற்றுவதா?

சட்டத்தின் முனை இலேசாக வளைந்திருந்தால் ஹைட்ராலிக் இழுவையால், சூடு காட்டாமல், சிறிது சிறிதாக இழுத்து நிமிர்த்தலாம். நிமிர்த்தியபின் மறுபடியும் அளக்க வேண்டும். மடிப்பு விழுந்து கசங்கிய பகுதியை நிமிர்த்துவது வேறு செய்தி. மெர்ஸிடிஸ்-பென்ஸ் நிறுவனத்துப் பொறியியலார் பேலா பாரேனி என்பவர், வண்டியின் முன்பகுதி தானே கசங்கி மோதலின் வேகத்தை விழுங்கிக்கொண்டு ஆள் இருக்கும் கூட்டைக் காக்க வேண்டும் என்ற கருத்துக்கு 1952-ல் காப்புரிமை பெற்றார். 1959-ல் அக்கருத்துப்படி அமைந்த கார் விற்பனைக்கு வந்தது. அதன்பின் உலகெங்கும் அது வழக்கமாயிற்று. அவ்வாறு கசங்கும்படி அமைத்த பகுதி ஒரு முறைக்கே உதவும். தட்டி நேராக்கினால் வடிவம் திரும்புமேயன்றிக் குணம் திரும்பாது. அதை வெட்டி நீக்கி, தயாரிப்பாளர் குறித்த இடத்தில், குறித்த முறையில் புதிய பகுதியைப் பொருத்துவதே தக்கது.

காஸ் விளக்கால் சிவக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்துவது எளிது, விரைவும் மலிவுமானது. ஆனால் இக்காலத்து அடிச்சட்டங்கள் பலம் கூட்டிய எஃகினால் செய்யப்படுபவை. பதமிட்ட அரிவாளை அடுப்பில் போட்டெடுத்தால் அதன் பதம் என்னவாகும் என்று விவசாயிக்கு நாம் கூற வேண்டுமா? காய்ச்சிய சட்டம் வெறும் வண்டியில் நேராக நிற்கும். ஒன்றரை டன் கிழங்கை ஏற்றியபின் அந்த இடத்திலேயே தொய்யும்.

ஸ்டியரிங்கைச் சேர்ந்த உறுப்புக்களில் பரிவு காட்டவே கூடாது. டை ராட், டிராக் லிங்க், கிங்பின், சக்கரம் பூட்டும் ஸ்டப் ஆக்சில் ஆகியவற்றில் ஒன்று வளைந்திருந்தாலும் அதைக் காய்ச்சி நிமிர்த்திப் பூட்டுவது ஆளைக் கொல்லும் வேலை. சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய உறுப்புக்கள் கிடைக்கின்றன. கதவு, பானட், இருக்கை முதலியன அங்கு வாங்குவதில் பிழையில்லை. நாமும் அதைச் சிக்கனமென்றே கருதுகிறோம். ஸ்டியரிங், பிரேக் உறுப்புக்களை மட்டும் புதிதாகவே வாங்குக. கமான் பட்டைக்கட்டின் நடு போல்ட் அறுந்திருந்தால் அச்சு இடம் பெயர்ந்திருக்கும், அதையும் பார்க்க. மோதலின்போது இறுகிப் பிடித்த சீட் பெல்ட் நாடா நீண்டு இழையிளகியிருக்கும். அதை மாற்றிவிட வேண்டும்.

மூக்கு நீண்ட பொலேரோ போன்ற வண்டியில் அடியை முதலில் வாங்குவது ரேடியேட்டரும் எஞ்சினும். இருக்கையின்கீழ் எஞ்சின் அமைந்த ஏஸ், தோஸ்த் போன்றவற்றில் ஓட்டுநரின் காலுக்கும் சாலைக்கும் இடையே உள்ளது மெல்லிய தகடே. ஆகவே இவற்றில் மிதிகட்டைகளும் ஸ்டியரிங் தண்டும் கேபினின் தரையும் தனிக்கவனம் பெறவேண்டும். பின்புறத்தையும் மறக்கலாகாது. வண்டி நின்றுவிட்டாலும் சுமை நிற்பதில்லை. மூட்டைகள் முன்னோக்கிப் பாய்ந்து சுமைப் பாடியைக் கேபின்மேல் தள்ளியிருக்கும். பாடியைப் பிடிக்கும் கிளாம்புகளைப் பார்த்தால் நகர்ந்த தடம் தெரியும்.

வெல்டிங் செய்யுமுன் பேட்டரியைக் கழற்றுவதோடு, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பையும் பிடுங்கிவிட வேண்டும். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வண்டிகளில் எஞ்சின் முதல் புகைக்குழாய் வரை இப்பெட்டியின் ஆட்சிதான். அது கருகினால் அடிச்சட்டத்தைவிட அதிகச் செலவு வைக்கும். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் அரமோ வெல்டிங்கோ படலாகாது. சட்டத்தையே மாற்ற நேர்ந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்றுப் பதிவுச் சான்றில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வகையில் நம் பகுதியார் பாக்கியசாலிகள். 1997-ல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கிய நாமக்கல், லாரி பாடி கட்டும் தொழிலில் தென்னாடு முழுதும் பெயர் பெற்றது. அடிச்சட்டத்தைக் கண்ணால் பார்த்தே கோணலைச் சொல்லும் கைத்தொழிலாளர் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வர்ணத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உள்ளவரை அவர்களுடைய திறமைக்கு மதிப்பு ஏற்படாது.

விலைப்புள்ளியும் இன்ஷ்யூரன்ஸும்

சங்கங்கள் மூன்று விலைப்புள்ளி பெற்றுக் குறைந்ததை ஏற்பது நல்ல வழக்கமே. நூலும் உரமும் வாங்க அது பொருந்தும். ஏனெனில் மூவரும் ஒரே பொருளுக்கு விலை கூறுகிறார்கள். நொறுங்கிய வண்டிக்கு மூவர் கூறும் விலை ஒரே வேலைக்கு உரியதன்று. ஒருவர் அடிச்சட்டத்தை அளந்து நிமிர்த்துவதையும் சேர்த்துக் கூறுகிறார். மற்றவர் தகடு தட்டி வர்ணம் பூசுவதற்கு மட்டும் கூறுகிறார். அப்போது குறைந்த விலைப்புள்ளி என்பது குறைந்த வேலை என்றே பொருள்படும். ஆதலின் முதலில் வண்டியைக் கழற்றி அளப்பதற்கு மட்டும் ஒரு பட்டறைக்குத் தனிக்கூலி கொடுத்து, அளவுத்தாளையும், மாற்ற வேண்டிய உறுப்புக்களின் பட்டியலையும் பெற்றுக்கொண்டு, அப்பட்டியலுக்கே மூவரிடமும் விலைப்புள்ளி கேட்க வேண்டும். இதற்கு ஆகும் சிறு செலவை எந்த ஆய்வாளரும் வீண் செலவென்று குறிக்கமாட்டார்; நாம் குறிக்கமாட்டோம்.

இன்ஷ்யூரன்ஸைப் பற்றி அங்கத்தினர்கள் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. சரக்கு வண்டிகளின் பாலிசியில், முழு நஷ்டம் நேர்ந்தாலொழிய, விளக்குகள், டயர், மட்கார்டு, பானட், பக்கத் தகடுகள், பம்பர், வர்ணம் ஆகியவற்றின் சேதத்திற்கு ஈடு கிடையாது என்பது வழக்கமான ஷரத்து. முன்பக்க மோதலில் முதலில் போவன இவையே என்பதைக் கவனிக்க. ஐ.எம்.டி. 23 என்று வழங்கும் கூடுதல் ஷரத்தைச் சற்று அதிகப் பிரீமியம் செலுத்திச் சேர்த்துக்கொண்டால் இவற்றுக்கும் ஈடு உண்டு. அப்போதும் மதிப்பிட்ட நஷ்டத்திற் பாதியை உடைமையாளரே ஏற்க வேண்டும்.

அன்றியும் தேய்மானக் கழிவு உண்டு. உலோக உறுப்புக்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து, மூன்று முதல் நான்கு ஆண்டுக்குள் 25 சதவீதம், ஐந்து முதல் பத்து ஆண்டுக்குள் 40 சதவீதம், அதற்குமேல் 50 சதவீதம் என்று கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி ஆகியவற்றுக்கு எப்பொழுதும் பாதி. கண்ணாடிக்குக் கழிவில்லை. வர்ணச் செலவில் நாலில் ஒரு பங்கைப் பொருட்செலவாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்திற்காக நாம் எடுத்துக்கொண்டவை. வண்டிக்கு மூன்றரை வயது. உலோக உறுப்பு ரூ.1,20,000, பிளாஸ்டிக்கும் ரப்பரும் ரூ.20,000, கண்ணாடி ரூ.8,000, கூலி ரூ.50,000, வர்ணம் ரூ.24,000, ஆகமொத்தம் ரூ.2,22,000. தேய்மானம் ரூ.43,000 போக நிற்பது ரூ.1,79,000. இதில் பானட், மட்கார்டு முதலிய தகடுகளின் விலை ரூ.45,000 என்றும், விளக்கும் பம்பரும் ரூ.12,000 என்றும் கொண்டால், அவற்றுக்கும் வர்ணத்திற்கும் உரிய ரூ.60,750 கூடுதல் ஷரத்து இல்லாதவருக்குக் கிடையாது. அவர் கையில் வருவது ரூ.1,18,250, கைப்பொறுப்பு ரூ.1,03,750. ஷரத்து உடையவருக்கு அந்த ரூ.60,750-ல் பாதி சேர்ந்து ரூ.1,48,625 வரும். கம்பெனிகளின் கட்டாயக் கழிவையும், பழைய இரும்பின் விலையையும், வரியையும் நாம் இங்கே சேர்க்கவில்லை.

இந்தக் கைப்பொறுப்பே பலரை அடிச்சட்ட வேலையைக் கைவிடச் செய்கிறது. தகட்டுக்கும் வர்ணத்திற்கும் ஈடு வராது. ஆனால் அவையில்லாமல் வண்டியை வெளியே எடுக்க மனம் வராது. அடிச்சட்டத்திற்கு வந்த பணத்தை அவற்றில் போட்டுவிடுகிறார்கள். பானட்டை நசுங்கியபடியே விட்டாலும், சட்டத்துக்குக் கிடைத்த தொகையைச் சட்டத்துக்கே செலவிடுக என்பது நம் யோசனை. வர்ணம் அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கலாம்.

சர்வேயர் வண்டியைக் கழற்றுமுன் ஒரு முறையும், கழற்றி அளந்தபின் மறுமுறையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். அடிச்சட்டத்தின் கோணல் முதற்பார்வையில் தெரியாது. பின்னர் சேர்க்கப்படாவிட்டால் ஈட்டிலும் சேராது. கழற்றிய உறுப்புக்களை அவர் பார்த்து முடிக்கும்வரை காயலான் கடைக்குப் போடலாகாது.

செப்பனிடும் செலவு, பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு நஷ்டமாகவே கொள்வார்கள். கடன் தீராத வண்டியானால் அத்தொகை முதலில் கடன் கொடுத்த வங்கிக்கோ சங்கத்திற்கோ செல்லும். வண்டி இனி ஓடத் தகுதியற்றதானால் 55-ஆவது பிரிவின்படி 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துப் பதிவை நீக்கிக்கொள்ள வேண்டும். செய்யாவிட்டால் பழைய எண்ணோடு வேறொரு வண்டி எங்கேனும் ஓடும். அதன் வம்பு உங்கள் வாயிலுக்கு வரும்.

ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி ஈடு மறுத்த காலமும் இருந்தது. இலகு ரக வண்டி உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. பிக்கப் வண்டிகள் இதனுள் அடங்கும். ஆனால் களையெடுக்கச் செல்லும் பெண்களைச் சரக்கு வண்டியின் பின்புறத்தில் ஏற்றிச் செல்லும் வழக்கத்தை எந்தத் தீர்ப்பும் காக்காது. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

வண்டி வெளியே வரும் நாள்

பணம் கொடுக்குமுன் செய்யவேண்டிய சோதனை ஒன்று. நான்கு டயர்களையும் நனைத்து, காய்ந்த சிமென்ட் தரையில் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து இருபது முப்பது அடி மெல்ல ஓட்டுக. பின் சக்கரத்தின் ஈரத்தடம் முன் சக்கரத்தின் தடத்தோடு இரு பக்கமும் ஒரே அளவில் பொருந்தி வரவேண்டும். ஒரு பக்கம் உள்ளேயும் மறுபக்கம் வெளியேயும் விலகினால் வண்டி நண்டு நடை நடக்கிறது. வீல் அலைன்மென்ட் சீட்டு என்ன கூறினாலும் அடிச்சட்டமோ அச்சோ இன்னும் நேராகவில்லை. பிறகு வெறும் வண்டியாகவும், பாதிச் சுமையோடும், முழுச் சுமையோடும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிரேக் மிதிக்கும்போது எந்தப் பக்கம் இழுக்கிறது, வளைவில் திரும்பியபின் ஸ்டியரிங் தானே நடுவுக்கு வருகிறதா என்பவற்றை ஓட்டுநரே கூறுவார். அவருடைய சொல்லை நிர்வாகக் குழு கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

சுமையோடு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கமான் பட்டையின் யு போல்ட்டுகளையும், பாடிக் கிளாம்புகளையும், சக்கர நட்டுகளையும் மறுபடி முடுக்க வேண்டும். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டுமல்லவா? அப்போது காட்டுவதற்காக, நிமிர்த்துமுன் எடுத்த அளவுத்தாளையும் நிமிர்த்தியபின் எடுத்த அளவுத்தாளையும் பட்டறையாரின் கையெழுத்தோடு பெற்று, ஒரு நகலைச் சங்கக் கோப்பிலும் மற்றொன்றை வண்டியின் பெட்டியிலும் வைத்துக்கொள்க. ஆறு மாதம் கழித்து அதே துளைகளில் மறுபடியும் நூல் பிடித்து, அளவு மாறியிருக்கிறதா என்று அத்தாளோடு ஒத்துப் பார்க்கவும்.